மெழுகு ஒரு பாதி, சீலன்ட் ஒரு பாதி

டப்பாவில் மூன்று மாதம் என்று போட்டிருந்தது. போத்தலில் ஆறு மாதம். இரண்டையும் எழுதியவர்கள் றொசல்ல பக்கத்து மழையில் ஒரு நாள்கூட நனைந்திருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. எழுதியிருப்பதை அப்படியே நம்பும் பழக்கம் எனக்குக் கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்தக் குணத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தனுஷன். ஹட்டன் டவுனில் ஜெரோஷன் என்பவர் நடத்தும் வாகனம் கழுவும் இடத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். கழுவுவதோடு வேலை முடிவதில்லை. மங்கிப்போன பெயின்ட்டைப் பொலிஷ் போட்டு எடுத்து, அதன்மேல் ஏதாவது ஒன்றைப் பூசி அனுப்ப வேண்டும். பூசுவதற்கு இரண்டு சாமான்கள் உண்டு. ஒன்று மெழுகு, டப்பாவில் கட்டியாக வரும், பஞ்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும். மற்றது சீலன்ட், போத்தலில் பால் மாதிரி வரும், கம்பெனியில் இரசாயனம் கலந்து செய்தது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படையாகப் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்து, மழையும் சேறும் அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும். படை இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடினால் இருக்கிறது. பரந்து அப்படியே படுத்துக்கொண்டால் போய்விட்டது.

ஜெரோஷன் பொஸ் இரண்டிலும் ஒவ்வொன்று கொழும்பிலிருந்து வாங்கி வந்தார்.

"எது நம்ம மழைக்குத் தாங்கும்னு பாத்துச் சொல்லு தனுஷ். அதையே மொத்தமா எடுப்போம். ஆனா ஒண்ணு, கஸ்டமர் வண்டியில வெளாட்டு வேணாம்."

விளையாட்டு வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் எங்களோடு வேலை செய்த ஒருவன், புதிதாக வந்த ஒரு பொலிஷை யாரிடமும் கேட்காமல் ஒரு டீச்சரின் வேனில் போட்டுப் பார்த்தான். கதவில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்துவிட்டது. அன்றைக்கே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சரி, கஸ்டமர் வண்டி வேண்டாமென்றால் எதில் பார்ப்பது? எனக்கென்று இருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன் டேங்கில் பெயின்ட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே வெயிலில், ஒரே மழையில், ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால்தானே உண்மை தெரியும். அதற்கு அகலமான ஒரு பொனட் வேண்டும். ஒவ்வொரு வாரமும் தவறாமல் என் கண் முன்னே வந்து நிற்கவும் வேண்டும்.

அப்படி ஒரு வண்டி இருந்தது. டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நல்லமுத்து ஐயாவின் கடும் நீலக் கார். ஞாயிறு பத்து மணிக்கு வந்துவிடும். கழுவி முடியும்வரை அவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடித்தபடி என்னோடு பேசிக்கொண்டிருப்பார். பெப்ரவரி முதல் ஞாயிறு, மெழுகு பூசச் சொன்னார். நான் பொனட்டின் நட்ட நடுவில் மேலிருந்து கீழாக ஒரு டேப்பை ஒட்டினேன். டிரைவர் பக்கம் சீலன்ட், மற்றப் பக்கம் மெழுகு. இரண்டு கை பூசித் துடைத்து, டேப்பை உரித்த பிறகு எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"மெழுகு பூசியாச்சு ஐயா," என்றேன்.

அவர் பொனட்டில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். பொஸ்ஸிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பொனட்டுக்கு ஒரு கெடுதலும் வராது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். எத்தனையாவது வாரம், அந்த வாரம் மழை எப்படி, தண்ணீர் எந்தப் பக்கம் எப்படி நிற்கிறது என்று. மார்ச் முழுக்க இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஏப்ரலில் பின்னேர மழை தொடங்கியதும் மெழுகுப் பக்கம் தண்ணீர் தட்டையாக நிற்க ஆரம்பித்தது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்து இரண்டாம் ஞாயிறு மெழுகு முழுதாகச் செத்துவிட்டது. டப்பாவில் மூன்று மாதம் போட்டவனை நினைத்துச் சிரித்தேன். சீலன்ட் பக்கம் மட்டும் அன்றைக்குப் பூசிய மாதிரியே உருட்டி விட்டுக்கொண்டிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில்தான் என் தங்கச்சி பிரேமினியின் கதையும் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் அவள் டீச்சர். இருபத்தைந்து வயது. அப்பா இல்லை. அம்மா ராக்காயி முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். நல்லமுத்து ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, எங்க அக்கா மகன் யோகேஸ்வரன் நோட்டன் பிரிட்ஜ்ல இருக்கான். ஸ்கூல்ல படிப்பிக்கிறான். ஒத்தப் புள்ள. ஒங்க தங்கச்சிய அக்கா ஒருக்கா பாக்கட்டுமா?"

பார்த்தார்கள். பிடித்துப்போனது. யோகேஸ்வரன் அதிகம் பேசாத மனிதர். பிரேமினியும் அவரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அவள் முன்பள்ளிக்குப் போகும்போது தானாகச் சிரித்துக்கொண்டு இறங்கிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சிரித்து நாளாயிற்று. ஐயா என்று கூப்பிட்டவரை மாமா என்று கூப்பிடத் தொடங்கினேன். வைகாசியில் பரிசம், ஆவணியில் கல்யாணம் என்று முடிவாகியது.

பரிசம் போட அவர்கள் நல்லமுத்து மாமாவின் காரிலும் ஒரு வேனிலும் எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தார்கள். மே மாதக் கடைசி. விடியற்காலையிலிருந்து தூறல் விடவில்லை. ஜெரோஷன் பொஸ்ஸும் வந்திருந்தார், நான்தான் அழைத்திருந்தேன். தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, அவர்கள் கிளம்பும் நேரம். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிசம் கொண்டுவந்த வண்டிக்குப் பெண் தன் கையால் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து அனுப்ப வேண்டும். அந்தப் பொட்டோடு வண்டி மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

பிரேமினி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். பன்னீர் விட்டுக் குழைத்திருந்ததால் சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்தது. நான் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முதல் பொட்டை வலது பக்கம், டிரைவர் பக்கம் வைத்தாள். வைத்த விரலை எடுப்பதற்கு முன்பே அது நகர்ந்தது. மெதுவாக வழுக்கி, பொனட்டின் சரிவில் இறங்கி, லைட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்தும் சொட்டியது. அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு இடது பக்கம் வைத்தாள். அது நின்றது. மூன்றாவதை நடுவில் வைத்தாள். அதில் இடது பாதி அப்படியே நின்றது. வலது பாதி வழிந்து போனது. கத்தியால் வெட்டினாற்போல நேர்கோட்டில் பாதிப் பொட்டு.

கூட்டத்தில் ஒரு அம்மா, "மழ தானே, தொடச்சிட்டு மறுபடி வையி புள்ள," என்றாள். பிரேமினி துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே வலது பக்கம் வழிந்தது; இந்த முறை குங்குமமும் சேர்ந்து சிவப்பாக இறங்கியது. நடுப்பொட்டு மறுபடியும் பாதியானது.

அந்தக் கோடு நான் டேப் ஒட்டிய கோடு. அங்கே நின்ற அத்தனை பேரிலும் அது என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். வலது பக்கம் சீலன்ட் இருக்கிறது, அதில் எதுவும் ஒட்டாது. இடது பக்கம் மெழுகு செத்துவிட்டது, அதனால் ஒட்டுகிறது. இவ்வளவுதான். இரண்டு வசனம். வாயைத் திறந்தேன். எதிரே நல்லமுத்து மாமா தன் பொனட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இரண்டடி தள்ளி ஜெரோஷன் பொஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்காமல் ஒருவருடைய வண்டியில் விளையாடியவன், மெழுகு என்று சொல்லி ஏமாற்றியவன், அதுவும் சம்பந்தி வீட்டு வண்டியில். கல்யாணச் செலவுக்கு இருந்தது அந்த ஒரு வேலைதான். வாயை மூடிக்கொண்டேன். குடையை மட்டும் நேராகப் பிடித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா வீரம்மா முன்னால் வந்தாள். நெற்றியில் திருநீறு மட்டும் வைத்திருந்தாள். யோகேஸ்வரனுக்கு நாலு வயதாக இருக்கும்போதே புருஷனைப் பறிகொடுத்தவள். அந்தப் பாதிப் பொட்டைப் பார்த்தாள். பிறகு தன் முந்தானையால் பொனட்டைத் துடைத்தாள்.

"நேரமாச்சு. கெளம்புவோம்," என்றாள்.

அடுத்த ஞாயிறு நல்லமுத்து மாமா கதிரையில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"அக்கா கொஞ்சம் யோசிக்கிறா தம்பி. ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க. ஆடி கழியட்டும், பேசுவோம்."

"சரிங்க மாமா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று அப்போது நினைத்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கார் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் தண்ணீர் ஊற்றினேன். வலது பக்கம் முத்து முத்தாக உருண்டது. சாட்சி என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. கொஞ்சம் சந்தனத்தைக் குழைத்து மாமாவின் கண் முன்னால் இரண்டு பக்கமும் வைத்துக் காட்டினால் எல்லாம் முடிந்துவிடும். இந்த வாரம் வேண்டாம், கழுவும் இடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த வாரம் பார்ப்போம், மாமா அவசரத்தில் இருக்கிறார். இப்படியே ஆனி போனது. ஆடி வந்தது.

இதற்கிடையில் பொஸ் கேட்டார், எது தாங்குகிறது என்று. சீலன்ட் என்றேன். எதில் பார்த்தாய் என்று கேட்டபோது, என் மோட்டார் சைக்கிள் டேங்கில் என்றேன். அவருக்குச் சந்தோஷம். சீலன்ட்டை மொத்தமாக எடுத்தார். ரோட்டுப் பக்கம் ஒரு போர்ட் மாட்டினார். ஆறு மாதப் பாதுகாப்பு என்று அதில் எழுதச் சொன்னது நான்தான். பூசும் வேலைக்கு என்னையே பொறுப்பாகப் போட்டார். கழுவுவதற்கு வேறு ஆட்கள் வந்தார்கள். நல்லமுத்து மாமாவின் காரை அவர்களிடம் விட்டுவிட்டு நான் உள்ளே போய்விடுவேன். அந்தப் பொனட்டைப் பார்க்க எனக்கு முடியவில்லை. கொப்பியில் கடைசியாக எழுதியது இருபத்துநாலாவது வாரம்.

வீட்டில் அம்மா முதல் மாதம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டுச் செவ்வாய்க்கிழமை தோறும் பிரேமினியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் விளக்குப் போட வைத்தாள். "அவ சாதகத்துல என்னமோ இருக்கு. நாம தான் கவனிக்கல," என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பக்கத்து லயத்தில் ஒரு சடங்கு நடந்தது. பிரேமினி வழக்கம்போல ஆராத்தித் தட்டை எடுக்கப் போனாள். "நீ இரும்மா, வேற யாராவது எடுக்கட்டும்," என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்திலும் முன்னால் நிற்பதில்லை. யோகேஸ்வரனின் போன் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

ஆவணி பாதி கழிந்த ஒரு சனிக்கிழமை காலை, என் மழைக்கோட்டைத் தேடி அலுமாரியை நகர்த்தினேன். பின் சுவரில் சந்தனப் பொட்டுகள் இருந்தன. வரிசையாக இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினொன்று எண்ணினேன். கீழே ஒரு பிளாஸ்டிக் பேசின், ஒரு சில்வர் தட்டு, உடைந்த ஓடு ஒன்று. எல்லாவற்றிலும் காய்ந்த சந்தனம். ஒவ்வொன்றிலும் அவள் விரல் ரேகை பதிந்திருந்தது. என்னவென்று புரிய எனக்கு நேரம் எடுக்கவில்லை. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிரேமினி உள்ளே வந்தாள். என்னையும் சுவரையும் பார்த்தாள்.

"சும்மா வச்சிப் பாத்தேண்ணே," என்றாள். பேசினைக் கையில் எடுத்துப் பார்த்தபடி, "எல்லாம் நிக்குது. அன்னைக்கு மட்டும் தான் நிக்கல," என்றாள்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெறுங்கையோடு சொல்வதைவிட, போய் அவர்களிடம் காட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான். கோழைக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. சாமி மாடத்திலிருந்து சந்தனத் தூளையும் பன்னீர்ப் போத்தலையும், கூடவே கொப்பியையும் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனேன்.

நல்லமுத்து மாமா கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். டேப், மெழுகு, சீலன்ட், பாதிப் பொட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தராசை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? பொனட்டு தானே. கெட்டா வேற ஒண்ணு வாங்கி மாட்டியிருப்பேன்."

"பொஸ்ஸும் நின்னாரு மாமா. வேல போயிருமேன்னு..."

"ஜெரோஷன் என்னோட படிச்சவன். நான் சொன்னா கேக்கமாட்டானா?"

நான் மூன்று மாதமாகப் பயந்த இரண்டு பயமும் அந்தக் கடையில் இரண்டு வசனத்தில் முடிந்தன. அவர் கடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, "ஏறுங்க, அக்காகிட்ட போவோம்," என்றார்.

நோட்டன் பிரிட்ஜ் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெல்லாம் மழை. அங்கே இறங்கும்போது பரிசத்தன்று போலவே தூறல்தான். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. நானும் சகுனம் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

வீரம்மா வாசலுக்கு வந்தாள். பின்னால் யோகேஸ்வரன் நின்றார். நான் நின்றபடியே சொன்னேன். மெழுகு என்ன, சீலன்ட் என்ன, எது எத்தனை வாரம் தாங்கும், ஏன் ஒரு பக்கம் வழிந்தது, ஏன் ஒரு பக்கம் நின்றது. கொப்பியையும் காட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். யோகேஸ்வரனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவர் படியிறங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்தார்.

"காட்டுங்களேன் மச்சான்," என்றார்.

சந்தனத்தைப் பன்னீர் விட்டுத் தண்ணியாகக் குழைத்தேன். முதலில் டிரைவர் பக்கம் வைத்தேன். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

பொட்டு நின்றது.

தூறல் அதன்மேல் விழுந்தது. அசையவில்லை. நடுவில் வைத்தேன். முழுதாக நின்றது. இன்னும் பன்னீர் விட்டு, தண்ணீர் போலாக்கி மறுபடி வைத்தேன். நன்றாக ஒட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் பொனட்டைச் சரியாகப் பார்த்தேன். மழைத்தண்ணீர் வலது பக்கமும் இடது பக்கமும் ஒரே மாதிரி தட்டையாகப் படுத்திருந்தது. மனதுக்குள் வாரத்தை எண்ணினேன். முப்பது. ஏழு மாதம் ஆகியிருந்தது. எங்கள் போர்டில் நானே எழுத வைத்தது ஆறு. பார்க்காமலிருந்த ஆறு வாரத்தில் சீலன்ட் கரைந்து போயிருந்தது. டப்பாவைப் பார்த்துச் சிரித்தவன், போத்தலுக்கும் ஒரு நாள் முடியும் என்பதை மறந்துபோனேன்.

"இப்ப நிக்குதே தம்பி," என்றாள் வீரம்மா. குரலில் கேலி இல்லை.

"அந்த மருந்து தேஞ்சு போச்சுங்க. போத்தல் பொஸ்ஸோட எடத்துல இருக்கு. இப்பவே போயி எடுத்துட்டு வந்து பூசிக் காட்டுறேன். அப்ப பாருங்க, வழியும்."

"வழுக்குறத பூசிட்டு வழுக்குதுன்னு காட்டுவீங்க. அதுல நான் என்னத்தப் பாக்குறது?"

"நான் பொய் சொல்லலிங்க."

"நீங்க சொல்றது நெசமாத் தான் இருக்கும். எனக்குத் தெரியுது." அவள் பொனட்டில் இருந்த பொட்டைத் தொடாமல் பார்த்தாள். "நான் பொட்டழிச்சவ தம்பி. இருபத்திநாலு வயசுல. அது எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியும். அந்தப் புள்ள கை வச்சப்போ வழிஞ்சிச்சு. ஒங்க கை வச்சா நிக்குது. ரெண்டையும் என் கண்ணால பாத்துட்டேன். இனி நீங்க எத்தன கொப்பி காட்டினாலும் கண்ண மூடினா எனக்குத் தெரியறது அது தான்."

யோகேஸ்வரன், "அம்மா," என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னைக்கே, அந்த எடத்துலயே சொல்லியிருந்தீங்கன்னா, நானே தொடச்சிப்புட்டுச் சிரிச்சிருப்பேன்," என்றாள் வீரம்மா. "எனக்கு அந்தப் புள்ளைய ரொம்பப் புடிச்சிருந்திச்சு."

உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னாள். குடித்தோம். எப்படிக் குடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

திரும்பி வந்தோம். றொசல்ல திருப்பத்தில் மாமா வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்.

"காட்டாமலே இருந்திருக்கலாம் தம்பி. நீங்க சொன்னத அக்கா நம்பிக்கிட்டாவது இருந்திருப்பா," என்றார். பிறகு வண்டியை எடுத்தார்.

நான் மேலே ஏறி வீட்டுக்கு வரும்போது பிரேமினி முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கலர் பேப்பரில் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பிரேமினியின் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டேப்பில் தொடங்கி, வீரம்மா சொன்ன கடைசி வார்த்தைவரை. எதையும் மறைக்கவில்லை. அவள் கத்தரிக்கோலை வைக்கவில்லை. ஆனால் வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"நான் ரெண்டாவது தடவ வைக்கிறப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

"பக்கத்துல தானே நின்னீங்க."

அவள் என்னைத் திட்டியிருந்தால், அந்தப் பேப்பரையெல்லாம் என் முகத்தில் விட்டெறிந்திருந்தால், எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவும் இல்லை. தன் வலது கையை மடியில் விரித்து வைத்து அதையே பார்த்தாள்.

"மூணு மாசமா இந்தக் கைய பாத்துப் பயந்துக்கிட்டு இருந்தேண்ணே," என்றாள். "பள்ளிக்கூடத்துல புள்ளைங்க தலையில கை வைக்கக்கூடப் பயம். ஒரு புள்ளைக்குக் காச்சல் வந்தா, நான் தொட்டதாலயோன்னு நெனப்பேன்."

"பிரேமி, நான் போயி எல்லார்கிட்டயும் சொல்றேன். லயத்துல ஒவ்வொரு வீடா போயி சொல்றேன். அம்மாகிட்டயும் சொல்றேன்."

"வேணாம்."

"ஏம்மா?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மகளுக்கு ராசி இல்லைன்னு அம்மா நம்பிட்டாங்க. அழுது முடிச்சிட்டாங்க. அத அவங்களுக்குத் தாங்க முடியுது. மகன் பக்கத்துல நின்னுக்கிட்டு வாயத் தொறக்கலைன்னு தெரிஞ்சா, அத தாங்கமாட்டாங்க."

"அப்ப நீ?"

"எனக்குத் தான் இப்ப தெரிஞ்சிருச்சே. எனக்கு அது போதும்," என்றாள். போதாது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பின்கதவு திறந்தது. அம்மா கையிலிருந்த விறகுத் தூளைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னா ரெண்டு பேரும் இப்படி ஒக்காந்திருக்கீங்க? என்னா பேச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா," என்றாள் பிரேமினி.

அம்மா என் பக்கம் திரும்பினாள். பிரேமினி என்னைப் பார்க்கவில்லை. மறுபடியும் பூ வெட்டத் தொடங்கியிருந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா," என்றேன் நானும்.